குத்தூசி அங்கிள்

அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகச் சாப்பிட வந்த அன்று, என் மனைவி வைத்த இட்லியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்த பல்குத்தும் குச்சியால் குத்திப் பார்த்தார். நடுவில் குத்தி, மெல்ல வெளியே இழுத்து, குச்சியின் நுனியை மூக்குக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்துவிட்டு, "மேல வெந்திருக்கு. உள்ள வேகல டே" என்றார். என்னிடம்தான் சொன்னார். ஆனால் இட்லியை அவித்தவள் கையில் சாம்பார்க் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

கல்யாணமாகி, 2002இல் அமெரிக்காவில், நியூஜெர்சி பிஸ்கட்டவேயில் அந்த அப்பார்ட்மெண்டுக்குக் குடிவந்த புதிது. நாங்கள் விருந்தாளி என்று அழைத்த முதல் ஆட்கள் மேல்மாடியில் இருந்த அவரும் அவர் மனைவியும்தான். என் மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்த ஆன்ட்டி, "அவரு கெடக்காரு கண்ணு, எனக்கு நாலு வை" என்று தட்டை நீட்டி நிலைமையைச் சமாளித்தார். நான்கையும் சாப்பிட்டார். அந்த இட்லி உண்மையிலேயே வேகவில்லை என்பதைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

அவர்கள் மாடியேறிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு என் மனைவி சொன்னாள்: "கோபியில எங்கப்பா அரிசி மண்டியில மூட்டையக் குத்தி அரிசி எடுத்துப் பாக்கற குத்தூசி இருக்குமுங்க. அதுக்குக் கையும் காலும் மொளச்சாப்பல இருக்கறாரு அந்த ஆளு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் குத்தூசி அங்கிள். கொஞ்ச நாளில் அப்பார்ட்மெண்ட் முழுக்க, பிறகு தமிழ்ச்சங்கம் முழுக்க அந்தப் பெயர் பரவியது. அவருக்கும் தெரியும். கோபப்படவில்லை. "வேலை என்னவோ அதைத்தானே சொல்லுதாங்க" என்றார்.

வேலை உண்மையிலேயே அதுதான். பாலங்களைச் சோதிக்கிற ஒரு சின்ன கம்பெனியில் எஞ்சினியர். பாலம் என்றால் நாம் காரில் போகிற மேல்பகுதி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீருக்குள் நிற்கிற கால், அந்தக் கால் ஊன்றியிருக்கிற மண், அந்த மண்ணில் எவ்வளவை ஆறு பறித்துக்கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான் கேள்வி. பாளையங்கோட்டைக்காரர். ஐஸ் கட்டி என்றால் ரோஸ்மில்க் கடையில் பார்த்த ஊர். அங்கிருந்து கிளம்பி வடக்கே பனி கொட்டுகிற ஒரு மாநிலத்துக்குப் போய், உறைந்த ஆறுகளில் பாலத்தின் கால்மாட்டில் மண் எப்படி அரிக்கிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். சங்கத்தில் யாரோ 'டாக்டர்' என்று அறிமுகப்படுத்த, ஊரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா முழங்கால் வலிக்கு மருந்து கேட்டுவிட்டார். இவர் கொஞ்சமும் சளைக்காமல் குனிந்து, அந்த அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, "கால்ல ஒண்ணும் இல்லம்மா, கீழ ஒரு பக்கமா அரிச்சிருக்கு, செருப்ப மாத்துங்க" என்றார். வலி போய்விட்டதாக அந்த அம்மா பிறகு சொன்னதாகக் கேள்வி.

சட்டைப் பையில் பேனா மாதிரி ஒன்று வைத்திருப்பார். இழுத்தால் பழைய ரேடியோ ஏரியல் போல நீளும். அதை வைத்து எதையும் குத்துவார். பனிக் குவியல், தெருவோரத்து மண், கடையில் மூட்டையாக அடுக்கிய பொன்னி அரிசி, தள்ளுபடியில் கிடைத்த எங்கள் சோபா. எதுவும் மேலே பார்க்க நன்றாக இருப்பது அவருக்குப் போதாது. நன்றாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

மனிதர்களையும் விடமாட்டார். லிஃப்ட் பக்கத்தில் பார்த்து "எப்படி இருக்க டே?" என்பார். "நல்லா இருக்கேன் அங்கிள்" என்று சொன்னால் தொலைந்தோம். "எவ்வளவு ஆழத்துக்கு?" என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது? ஒருநாள் நான் "இடுப்பளவு, அங்கிள்" என்றேன். சீரியஸாக யோசித்துவிட்டு, "அப்ப பரவால்ல" என்று போய்விட்டார். அவருடைய மகன் டெக்சஸில் படித்துக்கொண்டிருந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன். அப்பா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர்போனில் அந்த உரையாடல் எங்கள் வீட்டுக் கூரை வழியாகவே கேட்கும்.

"சாப்பாடெல்லாம் எப்படிடா?"

"ஐ'ம் ஃபைன், அப்பா."

"ஹவ் டீப்?"

"வாட்?"

"ஹவ் டீப் ஃபைன்?"

அதோடு லைன் கட்டாகிவிடும்.

அவர் எப்போதும் சரியாகவே குத்தினார் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கத்தின் செயலாளர் புதுவீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தார். ஹோமம் முடிந்து, எல்லோரும் பட்டுப்புடவையும் வேட்டியுமாகப் பின்பக்கப் புல்வெளியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் வாய்தவறி, "மண்ணு நல்ல கெட்டியான மண்ணு அங்கிள்" என்று சொல்லிவிட்டார். இவர் ஏரியலை எடுத்தார். அது வளைந்தது. உடனே காரிலிருந்து ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து, வேட்டியை மடித்துக் கட்டி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய் அடியில் ஓடியது யாருக்குத் தெரியும்? தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. பட்டுப்புடவைகள் சிதறி ஓடின. ஐயர் நனைந்தார். குத்தூசி அங்கிள் மட்டும் நனைந்துகொண்டே கம்பியின் நுனியைப் பார்த்து, "முதல் அரை அடி லூஸ்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சங்கத்தில் யாரும் வீட்டு விசேஷத்துக்கு அவரை வெளிமுற்றத்தில் தனியாக விடுவதில்லை.

உறைந்த ஆற்றைப் பற்றி அவரிடம் கேள்வி கேட்ட முட்டாள் நான்தான். மாடியில் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "உறைஞ்சு போன ஆத்துல மண் எப்படி அங்கிள் அரிக்கும்? தண்ணிதான் ஓடாதே" என்றேன். ஆன்ட்டி கையைப் பிசைந்தார். "ஏன் தம்பி கேட்ட?"

அதற்குள் அவர் தட்டைப் பக்கத்தில் இழுத்துவிட்டார். சோற்றைப் பரப்பித் தட்டினார். அதில் சாம்பாரிலிருந்த ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்துச் செங்குத்தாக நட்டார். சுற்றிலும் ரசத்தை ஊற்றினார்.

"சோறு மண்ணு. முருங்கைக்காய் பாலத்தோட காலு. ரசம் ஆறு. இப்ப மேல திறந்து கெடக்கு, கேட்டியா? தண்ணி கூடுனா அது பாட்டுக்கு மேல ஏறிக்கும்." பிறகு ஒரு அப்பளத்தை எடுத்து ரசத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். "இப்ப மூடியாச்சு. மேல ஏற வழி இல்ல. மேலயும் உரசல், கீழயும் உரசல். ஐஸோட அடிப்பக்கம் கண்ணாடி கணக்கா வழவழன்னு இருக்கும்னு நெனைக்கியா? சில ஆத்துல சொரசொரன்னு மேடும் பள்ளமுமா இருக்கும். அப்ப தண்ணியோட வேகம் மேல இருக்க முடியாம கீழ எறங்கும். எறங்கி என்ன செய்யும்?"

"மண்ண நோண்டும்" என்றேன்.

"நோண்டும்!" அப்பளத்தை இன்னொரு அழுத்து அழுத்தினார். ரசம் சோற்றைக் கரைத்துக்கொண்டு ஓட, முருங்கைக்காய் சாய்ந்து விழுந்தது. பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்த தகப்பன் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. "நாம மேலேருந்து பாத்துட்டு ஆறு தூங்குதுன்னு சொல்லுதோம். அது போர்வைக்குள்ள முழிச்சிட்டுல்லா இருக்கு!"

"இவருக்குச் சோறு போட்டா ஒரு பாலத்தக் கட்டி இடிச்சுட்டுத்தான் சாப்பிடுவாரு" என்றார் ஆன்ட்டி.

"இதுல பெரிய அயோக்கியத்தனம் என்ன தெரியுமா டே?" சாய்ந்த முருங்கைக்காயை நிமிர்த்திவிட்டு, சுற்றியிருந்த பள்ளத்தைச் சோற்றால் மூடி விரலால் தடவிச் சமமாக்கினார். "ஐஸ் உருகி வெள்ளம் வடிஞ்சதும் ஆறே குழிய மூடிரும். எல்லாம் லூஸ் மண்ணு. கோடையில வந்து பாக்கவன் 'சமமா இருக்கு, நல்லா இருக்கு'ன்னு எழுதிட்டுப் போயிருவான். குத்திப் பாத்தாத்தான் தெரியும்."

பிறகு அந்த ஆற்றையும் மண்ணையும் காலையும் பிசைந்து சாப்பிட்டு முடித்தார்.

எங்கள் அப்பார்ட்மெண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆற்றைக் கடக்க ஒரு பழைய பாலம் இருந்தது. அக்கரையில்தான் கடைகள், என் ஆபீஸ், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம். அந்தப் பாலம் அவர் கம்பெனியின் பொறுப்பில் இல்லை. பொறுப்பிலிருந்த ஆபீஸில் விசாரித்தாராம். கோடையில் பார்த்துவிட்டோம், நன்றாக இருக்கிறது என்றார்களாம். 'கோடையில்' என்ற வார்த்தையை அவர் சொல்லும்போது கெட்ட வார்த்தை சொல்வது போல இருக்கும். ஆற்றில் ஐஸ் பிடிக்கத் தொடங்கினால், அது முழுக்க உருகிப்போகும் வரை அவர் அந்தப் பாலத்தில் போக மாட்டார். ஹைவே வழியாகப் பெரிய பாலத்துக்குச் சுற்றிக்கொண்டு போவார். நல்ல நாளிலேயே முக்கால் மணி நேரம். பனி கொட்டினால் கடவுள் விட்ட வழி.

எனக்குக் கார் லைசென்ஸ் இல்லை. டெஸ்டில் ரிவர்ஸில் நிறுத்தச் சொல்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் அந்த ஆரஞ்சுக் கூம்புகளில் ஒன்றை அடித்துவிட்டு வருவேன். அதனால் அவருடைய மினிவேனில்தான் ஆபீஸ் போவேன். குளிர்காலத்தில் தினமும் லேட். மேனேஜர் காரணம் கேட்டபோது, "ஆற்றில் ஐஸ்" என்றேன். நான் ஏதோ படகில் வருவதாக அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. இந்தியன் கடையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அந்தப் பாலத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினார். "ஐஸ் போடறதுக்கு முந்தி ஒரு தடவை பாத்து வச்சுக்கிடுதேன். ரெண்டு நிமிஷம்." கயிற்றின் நுனியில் ஒரு ஈயக்கட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு, சரிவில் இறங்கிப் பாலத்துக்கு அடியில் போய்விட்டார். நான் மடியில் கறிவேப்பிலையோடு காரில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து வருஷம் ஒன்றுதான் ஆகியிருந்தது. நம் நிறத்தில் ஒரு ஆள், குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு, பாலத்தின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கயிறு விட்டு அளந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. போலீஸ் கார் வந்து பின்னால் நின்றது. உயரமான ஒரு ஆபீசர் இறங்கினார்.

நான் பயத்தில், அவர் கேட்காமலே, என் பெயர், விசா வகை, அது முடிகிற மாதம், என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி என்பது வரை ஒப்பித்தேன். குத்தூசி அங்கிளோ சரிவிலிருந்து ஏறி வந்து, பாடம் கேட்க ஒரு புது ஆள் கிடைத்த சந்தோஷத்தில், "ஆபீசர், நீங்கள் தெரியாமல் தவறான இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். பாலத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் உங்களுக்கு நல்லது" என்று ஆரம்பித்தார். ஐஸ், உரசல், வேகம், குழி, லூஸ் மண் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. அப்பளம் மட்டும்தான் குறை. ஆபீசர் அவருடைய கம்பெனி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேடியோவில் யாரிடமோ நெடுநேரம் பேசினார். கடைசியில் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இந்தச் சரிவில் மீன் பிடிக்கிறவர்கள் மட்டும்தான் இறங்குவார்கள், சார். அடுத்த தடவை ஒரு தூண்டிலாவது வைத்திருங்கள்" என்று பாதி விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு வரும்வரை அங்கிள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவர் வழக்கமே இல்லை. பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

விஷயம் தெரிந்ததும் ஆன்ட்டி ஆடித் தீர்த்துவிட்டார். "இனி அந்தப் பாலத்துப் பக்கம் தலை வச்சுப் படுத்தீங்க, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். சத்தியம் பண்ணுங்க" என்றார். அவர் தலையாட்டினார்.

எங்களுக்கு அப்போது பெரிய கவலை வேறு. பிப்ரவரியில் பிரசவம். துணைக்கு வரவேண்டிய மாமியாருக்குச் சென்னையில் விசா மறுத்துவிட்டார்கள். குழந்தை இருக்கிற வாகு கொஞ்சம் சரியில்லை, வலி எடுத்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி அக்கரையில். பழைய பாலத்தில் போனால் பத்து நிமிஷம். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்ற யோசனையே எங்களுக்கு வரவில்லை. எங்கள் ஊரில் பிரசவத்துக்குப் பக்கத்து வீட்டு அம்பாசிடர்தான் வரும். இங்கே பக்கத்து வீட்டு மினிவேன். அதை ஓட்டுகிறவர் குத்தூசி அங்கிள்.

"நான் காருலயே பெத்துருவேனுங்க" என்று என் மனைவி தினமும் அழுதாள். "அந்த மனுசன் ஊரச் சுத்திக் கூட்டிட்டுப் போயி என்னையக் கொன்னே போடுவாரு."

ஒருநாள் மாடிப்படியில் அவரை வழிமறித்து நேராகவே கேட்டாள். "அங்கிள், அன்னைக்கு ஒரு நாளு மட்டும் அந்தப் பாலத்துல போயிரலாமுங்க."

"பாக்கலாம்மா."

"பாக்கலாம்னா என்னங்க அர்த்தம்?"

"பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று இறங்கிப் போய்விட்டார். அவள் எனக்கு இரண்டு நாள் சோறு போடவில்லை. அவருக்குச் சோறு போடுகிறவள் அவள் இல்லையே, நிறுத்துவதற்கு.

ஜனவரியில் குளிர் இறுக்கிப் பிடித்தது. ஆறு கரைக்குக் கரை உறைந்தது. பழைய பாலத்தில் ஐஸ் உருகும் வரை போகமாட்டேன் என்று அவர் வழக்கம்போல் ஹைவேயில் சுற்றினார். ஆனால் ஆளிடம் ஏதோ மாற்றம். காலையில் என்னை அழைக்க வரும்போதே பூட்ஸ் நனைந்திருக்கும். மூக்கு தக்காளி நிறத்தில் இருக்கும். சனி, ஞாயிறு மதியம் காணாமல் போய்விடுவார். கேட்டால், "சும்மா காத்து வாங்க" என்பார். எலும்பு விறைக்கிற குளிரில் எவனாவது காற்று வாங்குவானா?

குட்டு சங்கத்தின் பொங்கல் விழாவில் உடைந்தது. ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு ஹாலில் விழா. இவர் லேட்டாக வந்தார், பெரிய கோட்டோடு. அந்தக் கோட்டின் மேல், எல்லோரும் பார்க்கிற மாதிரி, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அட்டை ஊசி போட்டுக் குத்தியிருந்தது. கழற்ற மறந்துவிட்டார். பந்தியில் பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்த செயலாளரின் மனைவி அதைப் படித்தார். நியூஜெர்சி. ஃபிஷிங் லைசென்ஸ்.

அவர் சுத்த சைவம். முட்டை போட்டிருக்கும் என்று ஆபீஸ் பிறந்தநாள் கேக்கைக்கூடத் தொடாதவர். செய்தி, வடை இரண்டாவது சுற்று வருவதற்குள் ஹால் முழுக்கப் போய்விட்டது. "தினம் காலையில ஆத்துல உக்காந்து ஐஸுல ஓட்டை போட்டுப் பிடிக்கிறாராம்." "அங்கனேயே சுட்டுச் சாப்பிட்டுருவாராம், வீட்டுல வாசம் வராம இருக்க." நேரில் பார்த்த மாதிரி சொன்னார்கள். தரைத்தளத்தில் இருந்த கீழக்கரை பாய் மட்டும்தான் உண்மையான சந்தோஷத்தோடு அவர் தோளில் கை போட்டு, "அங்கிள், இதுக்கு ஏன் கூச்சம்? கெடைக்கிறத நம்ம வீட்டுக்குக் கொண்டாங்க. வீட்டுல சொல்லி நல்ல ஆணமா ஆக்கித் தர்றேன். ஆன்ட்டிக்குத் தெரியவே வேணாம்" என்றார்.

ஆன்ட்டி பின்னாலேயே நின்றிருந்தார்.

அன்றைக்கு மேல்மாடியில் சத்தமே இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் ஆன்ட்டி கீழே வந்து என் மனைவியிடம் உட்கார்ந்து அழுதார். "ஆமாவா இல்லையான்னு கேட்டேன் கண்ணு. 'மீன்தான் பிடிக்கேன், விட்டுரு'ங்காரு. சட்டையெல்லாம் மோந்து மோந்து பாக்கேன். மூக்கே போச்சு." என் மனைவி பழைய இட்லிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, "மேல பாத்தா சைவமுங்க, உள்ள என்னன்னு யாரு கண்டா" என்றாள். ஆன்ட்டி இன்னும் அதிகமாக அழுதார்.

பிப்ரவரியில் ஒருநாள், காலை பத்து மணி இருக்கும். விடிந்ததிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸ்கள் லீவு விட்டிருந்தன. என் மனைவி அடுப்படியில் நின்றவள் அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க" என்றாள். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நான் மாடிக்கு ஓடுவதற்குள் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். ஆன்ட்டியும் பின்னால் வந்தார். அவரோடு பேசிக் கொஞ்ச நாளாகியிருந்தாலும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நானும் என் மனைவியும் பின்னால். என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துவிட்டன. தெருமுனைக்கு வந்தோம். இடது பக்கம் போனால் ஹைவே. நேராகப் போனால் பழைய பாலம். ஹைவேயில் வண்டிகள் அசையாமல் நிற்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. என் மனைவி கத்தினாள். "அங்கிள், உங்க கால்ல வேணா விழுகறேன், சுத்திப் போயிராதீங்க!"

அவர் நேராக விட்டார்.

பாலம் பனிக்குள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. அவர் வேகத்தைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை. இத்தனை நாள் அந்தப் பாலத்தில் போக வேண்டும் என்று அழுத என் மனைவிக்கு, அது கண்ணெதிரே வந்ததும் குரல் நடுங்கியது. எல்லாக் கதையையும் அவர் வாயாலேயே கேட்டவள் அல்லவா?

"அங்கிள்... பாலமுங்க..."

"போலாம்மா. பாத்துட்டேன்."

"எப்பங்க பாத்தீங்க?"

"தெனமும்தான். இன்னைக்குக் காலையில கூட."

அடுத்த வலி வந்தது. என் கையை முறித்துவிடுவது போலப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, என் மனைவி கேட்டாள்: "எவ்வளவு ஆழத்துக்குங்க?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாறை வரைக்கும்" என்றார்.

முன்சக்கரம் பாலத்தில் ஏறியது. நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு தூண்டில் பை திறந்து கிடந்தது. பொம்மை மாதிரி ஒரு குட்டித் தூண்டில். அதன் நரம்பின் நுனியில் முள் இல்லை, அந்த ஈயக்கட்டிதான் தொங்கியது. பைக்குள் ஒன்றோடு ஒன்று திருகி நீட்டுகிற இரும்புக் கம்பிகள், பனியில் துளை போடுகிற கைக்கருவி. அவ்வளவுதான். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். உறைந்த ஆற்றில் பாலத்தின் ஒவ்வொரு காலைச் சுற்றியும் வட்ட வட்டமாகத் துளைகள், பழையவை பனி மூடிக் கிடந்தன. இக்கரை ஓரத்துக் காலடியில் ஒன்று மட்டும் இன்னும் மூடாமல் கறுப்பாகத் தெரிந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பின்னாலிருந்து அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. கை என்னிடம் இல்லை, என் மனைவியிடம் இருந்தது.

"தெனமுமா?" என்றார் ஆன்ட்டி. "அப்ப அந்த மீனு?"

"மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூண்டில்ல முள்ளே கெடையாது."

"ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கினேல்லா? அந்தப் பாலத்துப் பக்கம் போனேன்னு சொன்னா வீட்ட விட்டுப் போயிருப்ப. மீனுன்னு சொன்னா நீ அழுதுட்டு வீட்டுலயே இருப்பன்னு தெரியும். அதோட, வயித்துப் பிள்ளைக்காரி காதுல பாலத்தப் பத்தி என்னத்தைப் போட? மணல முச்சூடும் நோண்டி எடுத்துருச்சு ஆறு. நான் பயந்தது சரிதான். ஆனா காலு பாறையில நிக்கு. கம்பிய எறக்கினா டங்குங்கு."

"அதுக்காக ஐஸு மேல போயி நின்னீங்களா? காலு உள்ள போயிருந்தா?"

"ஐஸையும் குத்திப் பாத்துட்டுத்தான் நின்னேன்."

"நீங்கள்லாம் ஒரு மனுசனா..."

"அப்பறம் சண்டை போடுங்க!" என்று என் மனைவி போட்ட கத்தலில் இருவரும் கப்சிப். பாலம் முடிந்திருந்தது.

பெண் குழந்தை. நாங்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பிறந்துவிட்டாள். ஹைவேயில் போயிருந்தால் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அது போதும், நான் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் எல்லோரும் பார்க்க வந்தார்கள். கீழக்கரை பாய் பேரீச்சம்பழத்தோடு வந்து, கதையைக் கேட்டு, "ஒரு மீனுகூடவா இல்ல அங்கிள்?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆன்ட்டி வந்தவர்களிடமெல்லாம் ஒரே புலம்பல். "மீனுதான்னு மனசத் தேத்திக்கிட்டேன் பாத்துக்கோ. அதுவாவது ஊரு உலகத்துல நடக்கது. இவரு ஐஸுல நின்னுக்கிட்டுப் பாலத்துக்கு நாடி பிடிச்சுருக்காரு." சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை மறைக்கத் தெரியவில்லை.

அங்கிள் மட்டும் கதவோரத்திலேயே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என் மனைவிதான் கூப்பிட்டாள். "இங்க வாங்க அங்கிள். நீங்களும் குத்திப் பாத்துக்கங்க."

தயங்கித் தயங்கி வந்தார். துணிச்சுருளுக்குள் தெரிந்த கன்னத்தை ஒற்றை விரலால் தொட்டும் தொடாமலும் ஒரு அழுத்து அழுத்தினார். பழக்கதோஷம், அந்த விரல் நுனியைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"உள்ள வெந்திருக்குதுங்களா அங்கிள்?" என்றாள் என் மனைவி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"நல்லா வெந்திருக்கு டே" என்றார். இந்த முறையும் என்னிடம்தான் சொன்னார்.